படகு நின்னதும் லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டாதீங்க: ஒரு நீண்ட இழை

1/
எழுதணும்னு நினைச்சு, வெட்கத்துல ரொம்ப நாளா தள்ளிப்போட்ட இழை இது. வழக்கமா சர்க்கரை, பிரஷர், காய்ச்சல்னு எழுதுவேன். இன்னைக்கு மீன் பிடிக்கப் போன கதை. இந்தக் கதையில் முட்டாள் வேற யாரும் இல்லை, நான்தான். கொஞ்சம் நீளம். ஆனா எப்பவாவது படகில் ஏறுபவர் என்றால், குறிப்பா அமெரிக்காவில் வீக்எண்ட் ஆனா ஏரிப் பக்கம் கிளம்புற நம்ம ஆட்கள் என்றால், தயவுசெய்து முழுசா படிச்சிடுங்க.

2/
நான் ஜார்ஜியா மாநிலத்தில் எமர்ஜென்சி டாக்டர். அட்லாண்டாவுக்கு வடக்கே லேக் லேனியர் என்று ஒரு பெரிய ஏரி இருக்கு. ஏரின்னு பேரே தவிர, அது நம்ம ஊர் மாதிரி ஒரு அணை நீர்த்தேக்கம். 1950களில் சாட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே பியூஃபோர்டு அணையைக் கட்டித் தேக்கிய தண்ணீர். சுமார் 38,000 ஏக்கர். கரையின் நீளம் மட்டும் ஏறக்குறைய 690 மைல். அணைக்கட்டுப் பக்கம் 150 அடிக்கு மேல் ஆழம்.

3/
என் சொந்த ஊர் மேட்டூர் பக்கம். அதனால் அணைத் தண்ணின்னாலே எனக்கு ஒரு பாசம். முழுசா நிரம்பின மேட்டூர் நீர்த்தேக்கமும் இந்த லேனியரும் பரப்பளவில் கிட்டத்தட்ட ஒண்ணுதான், சுமார் 150 சதுர கிலோமீட்டர். மேட்டூரில் தண்ணி இறங்கினா பண்ணவாடி பக்கம் நந்தி சிலையும் பழைய சர்ச் கோபுரமும் தலை காட்டும். லேனியருக்குள்ளேயும் பழைய ரோடு, வீட்டு அஸ்திவாரம், நின்றபடியே மூழ்கிய மரங்கள் எல்லாம் கிடக்கு. 2007 வறட்சியில் தண்ணி முழு மட்டத்திலிருந்து 20 அடிக்கு மேல் இறங்கி, அதெல்லாம் வெளியே வந்தது.

4/
இதனால் இங்கே பேய்க்கதைகளுக்குப் பஞ்சமில்லை. "அந்த ஏரியில ஏதோ இருக்கு, ஆளை இழுக்குது"ன்னு நம்ம வாட்ஸ்அப் குரூப்புகள்லயும் சுத்தும். ஒரு டாக்டரா சொல்றேன்: பேய் எல்லாம் இல்லீங்க. நான் பார்த்த கேஸ்களில் இருந்தது மூணு விஷயம்தான். குளிர்ந்த தண்ணி, கொஞ்சம் பீர், படகிலேயே காய்ஞ்சு கிடந்த லைஃப் ஜாக்கெட்.

5/
சரி, மீனுக்கு வருவோம். இங்கே பாஸ் என்கிற மீன்மேல மக்களுக்கு ஒரு வெறி. நம்ம ஊர் விரால் மாதிரி குணம். செடி, மரக்கட்டை, பாறை மறைவில் பதுங்கி நின்று, பக்கத்தில் வர்றதை லபக்குன்னு பிடிக்கும். அப்பா தவளையைக் கோத்து விராலுக்குப் போடுவார். இங்கே ரப்பர் தவளையைப் போடுறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். 1932ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடிச்ச பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், பத்து கிலோவுக்கு மேல. அந்த எடை இன்னைக்கும் உலக சாதனைப் பட்டியலில் இருக்கு. 2009ல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா பிடிச்ச மீனோட அந்த இடத்தைப் பங்கு போட்டுக்குது.

6/
இதுக்குன்னே பாஸ் போட்னு தனி ரகம் படகு உண்டு. தாழ்வா, தட்டையா இருக்கும். பின்னாடி பெரிய எஞ்சின். பெரிய படகுன்னா மணிக்கு 70 மைல் கூடப் போகும். என்னுடையது 18 அடி அலுமினியப் படகு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. முன்பக்கம் ஒரு மேடை, அதில் ஒரு சின்ன எலக்ட்ரிக் மோட்டார். இதை ட்ரோலிங் மோட்டார்னு சொல்வாங்க. மீன் இருக்கிற இடத்துக்குப் போனதும் பெரிய எஞ்சினை அணைச்சிட்டு, மேடையில் நின்னபடி இந்த மோட்டாரைக் கால் பெடலால் மிதிச்சு, சத்தமில்லாம நகர்ந்துக்கிட்டே தூண்டில் போடணும்.

அந்த மேடைக்குக் கைப்பிடி கிடையாது. கம்பி கிடையாது. தண்ணியிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி உயரம்தான். இதை மனசுல வச்சுக்கோங்க.

7/
இந்த விளையாட்டில் பாதுகாப்பு விதி இல்லாம இல்லை. 1967ல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பீவர் ஏரியில் ரே ஸ்காட் என்பவர் ஒரு பெரிய பாஸ் போட்டி நடத்தினார். இன்றைய போட்டிகளுக்கெல்லாம் அதுதான் பிள்ளையார் சுழி. எஞ்சின் ஓடும்போது லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகணும், கில் சுவிட்ச் கயிறு மாட்டியே ஆகணும் என்கிற பழக்கத்தைப் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டா, உடம்பில் மாட்டின கயிறு இழுபட்டு எஞ்சின் உடனே நின்னுடும். அதுதான் கில் சுவிட்ச். 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைவான பெரும்பாலான மோட்டார் படகுகளில் அதை மாட்டிக்கிட்டுதான் வேகமாக ஓட்டணும்னு அமெரிக்க மத்திய அரசின் சட்டமே வந்திடுச்சு.

8/
நல்ல விதிகள். நானும் ஒண்ணு விடாம கடைப்பிடிச்சேன். எஞ்சின் ஓடும்போது ஜாக்கெட் போடுவேன், கயிறு மாட்டுவேன். இடம் வந்து எஞ்சினை அணைச்சதும் முதல் வேலையா ரெண்டையும் கழட்டி சீட்டு மேல வச்சிடுவேன். வெயில் அடிக்குது, தோள்ல உறுத்துது, தூண்டில் வீசும்போது இடிக்குது. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க. படகுதான் நின்னுடுச்சே, இனி என்ன ஆகப்போகுது?

என் முட்டாள்தனம் மொத்தமும் இந்த ஒரு கேள்வியில் இருக்கு.

9/
அதுக்கு முன்னாடி இன்னொண்ணு சொல்லணும். நான் தண்ணியில் விழுறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, குளிர்காலத்தில், தண்ணியில் விழுந்த ஒருத்தரை எமர்ஜென்சிக்குக் கொண்டுவந்தாங்க. நடுத்தர வயசு. என்னென்னவோ செய்து பார்த்தோம். திரும்பலை. குடும்பத்துக்கிட்ட சொல்ற அந்தச் சின்ன ரூமில் உட்கார்ந்தேன். அவர் மனைவி அழலை. என்னை நேராப் பார்த்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாங்க: "அவருக்கு நல்லா நீச்சல் தெரியுமே டாக்டர்? நல்லா நீந்துவாரே?"

படகு நின்ன இடத்தில், மீன் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது விழுந்திருக்கார். ஜாக்கெட் படகிலேயே இருந்தது.

10/
அவங்களுக்குப் பதில் சொன்னேன். நீச்சல் தெரிஞ்சாலும் குளிர்ந்த தண்ணியில் உடம்பு எப்படி ஏமாத்தும்னு, நிதானமா, நல்ல டாக்டர் மாதிரி விளக்கினேன். எனக்கு எல்லாம் தெரியும், பாருங்க.

அப்படிப்பட்ட நான், ஒரு வருஷம் கழிச்சு, மார்ச் மாசம் ஒரு சனிக்கிழமை, சென்னையிலிருந்து புதுசா வந்திருந்த நண்பர் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு லேனியருக்குப் போனேன். அவர் ஐடியில் இருக்கார். மீன்பிடி இதுதான் முதல் தடவை. நீச்சல் தெரியாது. "வாங்க பாஸ், பாஸ் பிடிக்கலாம்"னு ஜோக் அடிச்சுத்தான் ஏத்தினேன்.

11/
படகை இறக்கும்போது ஒரு நிமிஷம் சும்மா சுத்திக் காட்டினேன். "இதுல குளிர்பானம், இதுல மீன் போடுற தொட்டி. இந்தச் சதுர மெத்தை இருக்கு பாருங்க, ரெண்டு பக்கமும் பிடி வச்சது, யாராவது விழுந்தா இதைத் தூக்கிப் போடணும்." 16 அடியும் அதுக்கு மேலும் உள்ள படகில் வீசுறதுக்குன்னே ஒரு மிதவை இருக்கணும் என்பது சட்டம். நண்பர் சிரிச்சுக்கிட்டே, "விழுந்தா நான்தான் விழுவேன் டாக்டர், அப்ப நீங்க போடுங்க"ன்னார்.

படகை எப்படி நிறுத்தணும், எப்படி ஓட்டணும்னு அவருக்கு நான் சொல்லிக்கொடுக்கலை. அவருக்கு எதுக்குன்னு நினைச்சேன்.

12/
அருமையான நாள். வெயில். சட்டை போதும்னு தோணுற அளவுக்கு, 20 டிகிரி. ஆனா படகு ஸ்கிரீனில் தண்ணியின் வெப்பநிலை 52 ஃபாரன்ஹீட், அதாவது 11 டிகிரி செல்சியஸ். வசந்தகாலத்தில் காத்து சீக்கிரம் சூடாகும், இவ்வளவு பெரிய தண்ணி மெதுவாத்தான் சூடாகும். அந்தச் சமயத்தில்தான் பாஸ் மீன் முட்டையிடக் கரைப்பக்கம் வர ஆரம்பிக்கும், நாமளும் கிளம்புவோம். நீங்க டிரஸ் பண்றது காத்துக்கு. விழுறது தண்ணியில.

நண்பர் நீச்சல் தெரியாதவர் என்பதால் அவர் ஜாக்கெட்டைக் கழட்ட விடலை. நான் கழட்டிட்டேன்.

13/
தூண்டில் அடியில் ஏதோ கிளையில் மாட்டிக்கிச்சு. இழுத்தேன். வரலை. கம்பை வளைச்சுப் பலமா இழுத்தேன். திடீர்னு விடுபட்டுச்சு. ஒரு அடி பின்னால வச்சேன். அங்கே மேடை இல்லை. அவ்வளவுதான்.

வேகம் இல்லை, அலை இல்லை, இன்னொரு படகு இடிக்கலை. ஒருத்தன் ஒரு அடி தப்பா எடுத்து வச்சான்.

14/
தண்ணி முகத்துக்கு மேல வந்த அந்த நொடி, என்னைக் கேட்காம என் நெஞ்சு ஒரு பெரிய மூச்சை இழுத்துச்சு. தலை தண்ணிக்குள்ள இருக்கும்போதே. கொஞ்சம் தண்ணி உள்ளே போச்சு. மேலே வந்தேன். மூச்சு நாய்க்கு இரைக்கிற மாதிரி இரைக்குது, நிறுத்த முடியலை. "மோட்டாரை நிறுத்துங்க"ன்னு நண்பர்கிட்ட கத்தணும். வாய் திறக்குது, வார்த்தை வரலை. சும்மா சொல்லலை மக்களே, ஒரு வார்த்தைகூட வரலை. சினிமாவில் மூழ்குறவன் "காப்பாத்துங்க"ன்னு கத்துவான் இல்லையா, அதுக்குக் காத்து வேணும்.

15/
ட்ரோலிங் மோட்டாரைத் தொடர்ந்து ஓடுற மாதிரி வச்சிருந்தேன். அதனால் படகு, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில், என்னை விட்டுப் போய்க்கிட்டே இருக்கு. கில் சுவிட்ச் பெரிய எஞ்சினுக்கு மட்டும்தான், இந்தச் சின்ன மோட்டாருக்கு இல்லை. படகில் நிக்கிற நண்பருக்கு எந்தப் பெடலை மிதிக்கணும்னு தெரியாது. ஏதோ ஒண்ணை மிதிச்சார், படகு இன்னொரு பக்கம் திரும்பிச்சு. நான் காலேஜ் நாளில் காவிரியில் எதிர்நீச்சல் போட்டவன். இருபது கை போட்டிருப்பேன். கையே வரலை. ஷூவும் ஸ்வெட்டரும் கல்லைக் கட்டின மாதிரி இழுக்குது. படகுக்கும் எனக்கும் தூரம் கூடிக்கிட்டே போச்சு.

அப்போ அந்த அம்மா ஞாபகம் வந்தது. நல்லா நீந்துவாரே டாக்டர்.

16/
என்னைக் காப்பாத்தினது என் படிப்பு இல்லை. நீச்சலும் இல்லை. நண்பர் அந்தச் சதுர மெத்தையைத் தூக்கி வீசினார். கொஞ்சம் தள்ளி விழுந்தது. காத்து என் பக்கம் அடிச்சதால் மிதந்து வந்தது. ரெண்டு கையையும் பிடிகளுக்குள்ள விட்டு நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன். தலை மேல நின்னதும்தான் மூச்சு மெல்ல என் பேச்சைக் கேட்டது.

கொஞ்ச தூரத்தில் மீன் பிடிச்சுக்கிட்டிருந்த ஒரு பெரியவர் எங்க படகு கோணல்மாணலா சுத்துறதைப் பார்த்துட்டு வந்தார். அவர் படகின் ஏணியைப் பிடிச்சேன். பிடிச்சேன்னு கண்ணால பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், விரலில் உணர்ச்சி இல்லை. பெல்ட்டைப் பிடிச்சு மூட்டை மாதிரி தூக்கிப் போட்டார்.

17/
அவர் மேல ஜாக்கெட் இருந்தது. அவரும் எஞ்சினை அணைச்சிட்டுத்தான் மீன் பிடிச்சுக்கிட்டிருந்தார். எங்க படகைப் பிடிச்சு நிறுத்தினதும், சீட்டு மேல மடிச்சு வச்சிருந்த என் ஜாக்கெட்டைப் பார்த்தார். என்னைத் திட்டலை. "அது மட்டும் நல்லா காய்ஞ்சே இருக்கு"ன்னு சொல்லிட்டு ஒரு போர்வையைக் கொடுத்தார்.

மொத்தம் எட்டு நிமிஷம் இருக்கும்னு நண்பர் அப்புறம் சொன்னார்.

18/
இப்போ டாக்டரா பேசுறேன். குளிர்ந்த தண்ணியில் விழுந்தவருக்கு நடக்கிறதை 1-10-1 என்று ஞாபகம் வச்சுக்கலாம். கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற ஆய்வாளர் பிரபலமாக்கிய கணக்கு.

முதல் 1 நிமிஷம்: மூச்சு உங்க கட்டுப்பாட்டில் இருக்காது. சருமத்தில் திடீர்னு குளிர் பட்டதும் தானா ஒரு மூச்சிழுப்பு, அப்புறம் இரைப்பு. அந்த முதல் மூச்சு தண்ணிக்குள்ள நடந்தா அங்கேயே கதை முடியலாம். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டுனு ஏறும். ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவங்களுக்கு இது இன்னும் ஆபத்து.

19/
அடுத்த 10 நிமிஷம்: கை, கால் வேலை செய்யும் நேரம். உடம்பு நடுப்பகுதியைக் காப்பாத்த கைகாலுக்கு ரத்தத்தைக் குறைச்சிடும். நரம்பும் தசையும் குளிர்ந்து விறைக்கும். நீச்சல் வீரரா இருந்தாலும் கை வராது. கயிறு பிடிக்கிறது, ஏணி ஏறுறது எல்லாம் இந்த நேரத்துக்குள்ள நடக்கணும்.

கடைசி 1 மணி நேரம்: உடம்புச் சூடு இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய இவ்வளவு நேரம் ஆகும். தண்ணியின் குளிர், உடல்வாகு, உடையைப் பொறுத்துக் கூடும், குறையும்.

இதை ஒரு தடவை நிதானமா யோசிங்க. குளிர்ல விறைச்சுச் சாக நிறைய நேரம் இருக்கு. ஆனா அந்த நேரத்தைப் பார்க்கணும்னா முதல் நிமிஷத்தையும் பத்து நிமிஷத்தையும் தலை மேல இருக்கிற மாதிரி கடக்கணும். அந்த வேலையை உங்க கை கால் செய்யாது. ஜாக்கெட் செய்யும்.

20/
"விழுந்த பிறகு எடுத்துப் போட்டுக்கலாமே?" நல்ல கேள்வி. மூச்சே வராத ஒரு நிமிஷத்தில், விறைக்கிற விரலோட, தண்ணியில் மிதந்தபடி ஜிப் போட்டுப் பாருங்க. ஓடுற காரில் இருந்து தூக்கி எறியப்பட்ட பிறகு சீட் பெல்ட் தேடுற மாதிரிதான் அது.

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்குப்படி, 2023ல் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். இறப்புக்கான காரணம் தெரிந்தவர்களில் நாலில் மூணு பேர் மூழ்கி இறந்தவங்க. மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் ஜாக்கெட் அணியலை. பெரும்பாலும் படகில் ஜாக்கெட் இல்லாம போறதில்லை. உடம்பில் இல்லை.

21/
இப்போ நான் முதலில் சொன்ன விதிகளைத் திரும்பிப் பாருங்க. எஞ்சின் ஓடும்போது ஜாக்கெட். வேகமாப் போகும்போது கில் சுவிட்ச். ஜார்ஜியா சட்டப்படி 13 வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகள், படகு நகரும்போது ஜாக்கெட் போட்டிருக்கணும். எல்லாமே படகு ஓடுற நேரத்துக்கு. ஓடும்போது நாம எங்கே இருக்கோம்? சீட்டில் உட்கார்ந்து, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. நின்ன பிறகு? கைப்பிடி இல்லாத மேடையில், நின்னுக்கிட்டு, கவனம் முழுக்கத் தூண்டில் நுனியில்.

விதிகளைக் குறை சொல்லலை. அது குறைந்தபட்சம். நான்தான் அதை முழுப் பாதுகாப்புன்னு நினைச்சுக்கிட்டேன்.

22/
சரி டாக்டர், என்ன செய்யணும்னு கேட்பீங்க. செய்றது சுலபம்:

கரையில் கால் வைக்கிற வரை ஜாக்கெட் உடம்பில் இருக்கட்டும். படகை இறக்கும் இடத்தில் இருந்தே போடுங்க.

உறுத்துதுன்னா, தானா ஊதிக்கொள்ளும் மெல்லிய ரகம் வாங்குங்க. தோளில் ஒரு பட்டை மாதிரிதான் இருக்கும். தண்ணியில் விழுந்தா கேஸ் சிலிண்டர் திறந்து ஊதிக்கும். சிலிண்டர் காலியா இல்லையான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க. இழுக்கும் கயிறு வெளியே தெரியணும்.

ஆனா 16 வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கும் நீச்சல் தெரியாதவங்களுக்கும் அந்த ரகம் வேண்டாம். அவங்களுக்குப் பஞ்சு அடைச்ச சாதாரண ஜாக்கெட். தோள்பட்டையைப் பிடிச்சு மேலே தூக்கிப் பாருங்க. காது வரை ஏறினா அளவு பெரிசு.

23/
படகில் இன்னொருத்தருக்காவது மோட்டாரை நிறுத்த, படகைத் திருப்ப, 911 கூப்பிடக் கத்துக் கொடுத்துட்டுக் கிளம்புங்க. ரெண்டு நிமிஷ வேலை. நான் செய்யாத வேலை.

தனியாப் போறீங்களா? எங்கே போறோம், எத்தனை மணிக்கு வருவோம்னு வீட்டில் சொல்லுங்க. போன் வாட்டர்ப்ரூஃப் பையில், படகில் இல்லை, உங்க பாக்கெட்டில். தண்ணியிலிருந்து எட்டிப் பிடிக்கிற மாதிரி பின்பக்கம் ஏணி இருக்கணும்.

பீர் கரைக்கு வந்த பிறகு. வெயிலும் படகு ஆட்டமும் ஏற்கெனவே உங்களைப் பாதி போதையில் வச்சிருக்கும். ஆண்களே, படகு ஓரத்தில் நின்னு ஒன்னுக்குப் போகாதீங்க. சிரிக்காதீங்க, அப்படி விழுந்தவங்க உண்டு. ஒரு பழைய பாட்டில் போதும்.

இடி கேட்டா கரைக்கு வாங்க. உங்க கையில் இருக்கிற கிராஃபைட் தூண்டில் கம்பு மின்சாரம் கடத்தும். கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம் காத்திருங்க.

24/
விழுந்துட்டா: முதல் ஒரு நிமிஷம் நீந்தாதீங்க. மல்லாந்து, முகத்தை மேலே வச்சு, மூச்சு அடங்கும் வரை மிதங்க. அப்புறம் படகுக்கோ மிதக்கிற எதுக்கோ போங்க. படகு கவிழ்ந்தா அதை விடாதீங்க. சின்ன வயசில் மேட்டூரில் பரிசல் ஓட்டுற ஒரு பெரியவர் சொல்வார்: "கவுந்தாலும் பரிசலை உட்றாத சாமி, கரை கிட்டத்துல தெரியும், கிட்டத்துல இருக்காது." பிசியாலஜி படிக்காத மனுஷன்.

25/
இன்னொருத்தர் விழுந்தா: நீங்க குதிக்காதீங்க. மிதக்கிறதை வீசுங்க. கயிறு, கம்பு நீட்டுங்க. அவர்கிட்ட வரும்போது எஞ்சினை அணைங்க.

வெளியே எடுத்ததும் மூச்சு இல்லைன்னா: வயித்தை அமுக்காதீங்க. தலைகீழாத் தொங்கவிட்டுச் சுத்தாதீங்க. நம்ம ஊரில் இன்னும் நடக்குது, அதில் தண்ணி வராது, வாந்தியும் நேர விரயமும்தான் வரும். மூழ்கினவருக்குத் தேவை காத்து. முதலில் வாய்வழி மூச்சு கொடுங்க, பிறகு 30 நெஞ்சழுத்தம், 2 மூச்சு. உதவி வரும் வரை நிறுத்தாதீங்க. அமெரிக்காவில் 911, இந்தியாவில் 108 அல்லது 112.

மூச்சு இருந்தா: படுக்க வைங்க, நடக்க விடாதீங்க. ஈர உடையை மாத்திப் போர்த்துங்க. கைகாலைத் தேய்க்காதீங்க. "சூடாகும்"னு பிராந்தி கொடுக்காதீங்க. இருமல், மூச்சுத் திணறல், மயக்கம் இருந்தா எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க.

26/
"இதெல்லாம் அமெரிக்கா கதை, நமக்கென்ன"ன்னு ஊரில் இருந்து படிக்கிறவங்க நினைக்காதீங்க. தேக்கடியும் அணைத் தண்ணிதான், முல்லைப் பெரியாறு தேக்கின தண்ணி. அங்கே 2009 செப்டம்பர் 30ல் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீங்க. ஒகேனக்கல் பரிசலோ, ஊட்டி, கொடைக்கானல் படகோ, ஜாக்கெட் அழுக்கா இருக்கு, போட்டோவுக்கு நல்லா இருக்காதுன்னு கழட்டுறதைப் பார்த்திருக்கேன். கேட்டு வாங்குங்க. பக்கிள் போடுங்க. இறங்கின பிறகு போட்டோ எடுங்க.

27/
கடைசியா, இதை ஏன் இப்போ எழுதுறேன்?

அன்னைக்கு வீட்டுக்கு வந்து மனைவிகிட்ட "வழுக்கி விழுந்துட்டேன், உடனே ஏறிட்டேன்"னு மட்டும் சொன்னேன். எட்டு நிமிஷத்தையும் காய்ஞ்ச ஜாக்கெட்டையும் சொல்லலை. நண்பர்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன்.

மே மாசம் மகளைக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஒன்பது வயசு. அன்னைக்கு எஞ்சினை அணைச்சேன். பழைய பழக்கம், கை தானா என் பக்கிளுக்குப் போச்சு. நிமிர்ந்து பார்த்தா, அவ கையும் அவ பக்கிள்ல இருக்கு. "படகு நின்னுடுச்சு, கழட்டலாம்ல அப்பா? நீங்க எப்பவும் கழட்டுவீங்களே."

சட்டப்படி கழட்டலாம். அவ சொன்னது சரி.

28/
கையை எடுத்தேன். "இல்ல கண்ணு, கரைக்குப் போய்த்தான்"னேன். "ஏன்?"னா. அங்கேயே, மேடையில் அவ பக்கத்தில் உட்கார்ந்து, மார்ச் மாசம் நடந்ததை ஒண்ணு விடாம சொன்னேன். பயமுறுத்தாம, ஆனா மறைக்காம. கேட்டு முடிச்சிட்டு, "அம்மாவுக்குத் தெரியுமா?"ன்னா.

அன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கும் சொன்னேன். அவ ரொம்ப நேரம் எதுவும் பேசலை. அப்புறம், "ஏங்க, அந்தப் பேஷண்ட் வீட்டம்மா பத்தி நீங்கதானே என்கிட்ட வந்து சொல்லி அழுதீங்க?"ன்னு மட்டும் கேட்டா. அதுக்கு என்கிட்ட இன்னைக்கு வரைக்கும் பதில் இல்லை.

29/
நண்பர் இப்போ நீச்சல் கத்துக்கிறார். ட்ரோலிங் மோட்டாரை என்னைவிட நல்லா ஓட்டுறார். எஞ்சினை அணைச்சதும் பின்னாடி திரும்பி, "பாஸ், போட்டிருக்கீங்களா?"ன்னு கேட்பார். போட்டிருக்கேன்னு தெரிஞ்சும் கேட்பார். கேட்கட்டும்.

உங்க கூடப் படகில் வர்றவங்களையும் கேளுங்க. குறிப்பா, "எனக்கு நல்லா நீச்சல் தெரியும்"னு சொல்றவங்களை. இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டியூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.

பத்திரமாப் போய்ட்டு வாங்க.